மேடைக்குப் பேயை வரவழைத்த கண்ணாடி



"பயமா இருக்கு, வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே, போர்வைக்குள்ளிருந்து ஒரு கண்ணை மட்டும் திறந்து திகில் படம் பார்க்கிற ஆளா நீங்கள்? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான். மேடையிலும் திரையிலும் நம்மை நடுங்க வைக்கிறவர்கள் என்னதான் செய்கிறார்கள்? ஒளியை எப்படித் திருப்புகிறார்கள்? ஒலியை எப்படிக் கையாளுகிறார்கள்? பொய் என்று தெரிந்தும் நம் நெஞ்சு ஏன் படபடக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முதலில், உண்மையாகவே நடந்த ஒரு பேய்க்கதை.

லண்டனில் ஓர் இரவு

1862ஆம் ஆண்டு டிசம்பர் 24. கிறிஸ்துமசுக்கு முந்தின இரவு. லண்டன் ரீஜன்ட் தெருவில் ராயல் பாலிடெக்னிக் என்று ஒரு நிறுவனம் இருந்தது. பொதுமக்கள் கட்டணம் கொடுத்து உள்ளே போய் அறிவியல் சோதனைகளைக் கண்ணால் பார்க்கலாம். மூழ்கு கூண்டில் உட்கார்ந்து தண்ணீருக்கடியில் போய் வரக்கூட அங்கே வசதி இருந்தது. அங்கே வேதியியல் சொல்லிக்கொடுத்தவர் ஜான் ஹென்றி பெப்பர்.

அன்று இரவு சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய 'தி ஹான்டட் மேன்' கதையிலிருந்து ஒரு காட்சியை மேடையில் காட்டினார்கள். அரங்கத்தில் வெளிச்சம் குறைந்தது. மேடையில் இருந்த நடிகருக்கு அருகே, எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல், வெளிறிய உருவம் ஒன்று தோன்றியது. அதன் உடம்பு வழியாகப் பின்னால் இருந்த பொருள்கள் தெரிந்தன. சற்று நேரத்தில் அப்படியே கரைந்து மறைந்துவிட்டது. பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள்.

காட்சி முடிந்ததும் இதன் ரகசியத்தைக் கூட்டத்துக்கு விளக்கிச் சொல்வதுதான் பெப்பரின் திட்டம். மக்கள் அடைந்த வியப்பைப் பார்த்ததும் அவர் மனம் மாறியது. ரகசியத்தைச் சொல்லவில்லை. அடுத்த ஆண்டே அதற்குக் காப்புரிமையும் வாங்கிவிட்டார்.

மைக்கேல் ஃபாரடேயை உங்களுக்குத் தெரிந்திருக்கும். காந்தத்தைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கலாம் என்று 1831இல் கண்டுபிடித்த மாமேதை. அவரைப் பெப்பர் மேடைக்குப் பின்னால் அழைத்துப் போனார். எல்லாவற்றையும் பார்த்த பிறகும் தனக்குப் புரியவில்லை என்றாராம் ஃபாரடே. பெப்பர் அவர் கையைப் பிடித்து முன்னால் கொண்டுபோய் ஒன்றைத் தொட வைத்தார். அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. பிற்பாடு பெப்பரே தன் நூலில் இதை எழுதியிருக்கிறார்.

ஃபாரடே தொட்டது ஒரு கண்ணாடி. அவ்வளவு பெரிய கண்ணாடி எதிரே நின்றும் அது அவர் கண்ணில் படவில்லை!

ரகசியம் இதுதான்

இரவில் பேருந்தில் போகும்போது ஜன்னல் கண்ணாடியைப் பார்த்திருக்கிறீர்களா? உள்ளே விளக்கு எரியும், வெளியே இருட்டு. உங்கள் முகம் ஜன்னலுக்கு வெளியே, வயல்வெளியின் மேல் மிதந்துகொண்டே கூட வரும். பகலில் அதே ஜன்னலில் முகம் தெரிவதில்லை. ஏன்?

கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடுகிறது. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. பகலில் வெளியிலிருந்து வரும் ஒளி மிக அதிகம். அதற்கு நடுவே இந்தச் சிறு பங்கு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். இரவில் வெளியே ஒளி இல்லாததால் அந்தச் சிறு பங்கே பளிச்சென்று தெரிகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். நீங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறீர்களோ, உங்கள் பிம்பம் அந்தப் பக்கம் அதே தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். எதிரொளிப்பின் விதி அது.

இந்த விதியை வைத்து மேடையில் பேயைக் காட்டலாம் என்று முதலில் யோசித்தவர் ஹென்றி டிர்க்ஸ் என்ற பொறியாளர். ஆனால் அவர் சொன்னபடி செய்ய வேண்டுமானால் நாடக அரங்கையே இடித்துக் கட்ட வேண்டியிருந்தது. இருக்கிற அரங்கிலேயே செய்யும்படி அதை மாற்றியமைத்தவர் பெப்பர். காப்புரிமை இருவர் பெயரிலும்தான் இருந்தது. ஆனாலும் 'பெப்பரின் பேய்' என்ற பெயரே உலகெங்கும் நிலைத்துவிட்டது. நாம் டிர்க்ஸின் பெயரையும் சேர்த்தே சொல்வோம். ஒரு யோசனைக்கு விதை போட்டவரை மறப்பது நியாயமில்லை.

பெப்பர் செய்த ஏற்பாட்டை மனத்தில் வரைந்து பாருங்கள். மேடையின் முன்பக்கம், பார்வையாளர்களை நோக்கிச் சற்றுச் சாய்ந்தபடி, மிகப் பெரிய கண்ணாடி ஒன்று நிற்கிறது. துளி தூசு இல்லாமல் துடைத்தது. அதன் விளிம்புகள் யாருக்கும் தெரியாது. மேடைக்கு முன்னால், கூட்டத்தின் கண்ணில் படாத ஒரு பள்ளம். அதன் உள்பக்கம் முழுக்கக் கறுப்புத் துணி. அங்கேதான் வெள்ளை உடை அணிந்த இன்னொரு நடிகர் இருக்கிறார். பள்ளம் இருட்டாக இருக்கும்வரை எதுவும் நடக்காது. அந்த நடிகர்மேல் பலமான வெளிச்சத்தைப் பாய்ச்சியதும், அவருடைய பிம்பம் கண்ணாடியில் பட்டு மக்களின் கண்ணுக்குப் போகிறது. மக்களுக்கோ அந்த உருவம் கண்ணாடிக்குப் பின்னால், மேடையின் மேலேயே நிற்பதாகத் தோன்றுகிறது. வெளிச்சத்தை மெல்லக் குறைத்தால் 'பேய்' கரைந்துவிடும்.

அவ்வளவு பலமான வெளிச்சத்துக்கு அப்போது எங்கே போவது? எடிசனின் மின்விளக்கு வர இன்னும் பல ஆண்டுகள் இருந்தன. ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து எரித்து, அந்தச் சுடரைச் சுட்ட சுண்ணாம்புக் கட்டியின்மேல் காட்டினார்கள். அந்தச் சூட்டிலும் சுண்ணாம்பு உருகாது. வெண்மையாகத் தகதகவென்று ஒளிவிடும். வேதியியல் தெரிந்த பெப்பருக்கு இது கைவந்த கலை.

நடிகர்கள் பாடுதான் திண்டாட்டம். கண்ணாடி சாய்ந்திருப்பதால், பள்ளத்தில் இருப்பவர் நேராக நின்றால் மேடையில் பேய் கோணலாகத் தெரியும். ஆகவே அவர் சாய்வான பலகையில் சாய்ந்துகொண்டே நடிக்க வேண்டும். மேடையில் இருப்பவருக்குப் பேய் தெரியாது. பேயாக நடிப்பவருக்கு மேடை தெரியாது. தரையில் குறித்து வைத்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு, வெறும் காற்றைப் பார்த்து நடுங்க வேண்டும். வெறும் காற்றில் வாளை வீச வேண்டும். கணக்கு ஓர் அடி தவறினாலும் வாள் ஓர் இடத்தில் பாயும், பேய் வேறோர் இடத்தில் நிற்கும். திகில் காட்சி சிரிப்புக் காட்சியாகிவிடும்.

இந்த வித்தை இன்றும் உயிரோடு இருக்கிறது. 1969 முதல் அமெரிக்காவின் டிஸ்னிலாந்தில் உள்ள பேய் மாளிகையில், கூடத்தில் நடனமாடும் ஆவிகள் இப்படித்தான் தோன்றுகின்றன. பேய்க்கு மட்டுமல்ல, நல்ல வேலைக்கும் இது பயன்படுகிறது. பேச்சாளர்கள் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே உரையைப் படிக்க உதவும் டெலிபிராம்ப்டரில் இருப்பது சாய்ந்த கண்ணாடி. போர் விமானத்தின் விமானிக்கு, எதிரே வானமும் அதன்மேல் வேகம், உயரம் காட்டும் எண்களும் ஒருசேரத் தெரிவதும் இதே தத்துவத்தால்தான்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய குறுந்தகட்டின் உறை கூடப் போதும். கண்ணாடித் தகடு என்றால் விளிம்பு கையைக் கிழிக்கும். பெரியவர்கள் உதவியோடு செய்யுங்கள். தகட்டை மேசைமேல் செங்குத்தாக நிறுத்துங்கள். தகட்டுக்கு முன்னால் 10 செ.மீ. தூரத்தில் பேட்டரியில் எரியும் சிறு விளக்கை வையுங்கள். தகட்டுக்குப் பின்னால், சரியாக அதே 10 செ.மீ. தூரத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வையுங்கள். விளக்குக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு புத்தகத்தை நிறுத்தி விளக்கை மறையுங்கள். இப்போது அறை விளக்கை அணைத்துவிட்டுத் தகட்டின் வழியாகப் பாருங்கள். தண்ணீருக்குள் விளக்கு எரியும்! டம்ளரைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்திப் பாருங்கள். விளக்கு தண்ணீரை விட்டு வெளியே வந்துவிடும். முன்னும் பின்னும் தூரம் ஏன் சமமாக இருக்க வேண்டும் என்று அப்போது புரியும்.

சக்கரத்தில் ஓடிய பேய்

பெப்பருக்கு அறுபது ஆண்டுகளுக்கும் முன்பே பாரிஸில் ஒருவர் பேய்க்காட்சி நடத்தினார். பெயர் எத்தியேன் காஸ்பார் ராபர்ட். ஓவியம் தெரிந்தவர்; இயற்பியல் அறிந்தவர். 1798இல் அவர் தொடங்கிய காட்சியின் பெயர் ஃபாண்டஸ்மகோரியா. கும்மிருட்டில் ஒரு சிறு ஆவி தோன்றும். அது பெரிதாகிப் பெரிதாகிக் கூட்டத்தின்மேல் பாய வரும். மக்கள் அலறுவார்கள்.

அவர் பயன்படுத்தியது படம் காட்டும் லாந்தர். ஹாலந்து நாட்டு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1659இலேயே உருவாக்கிய கருவி அது. ராபர்ட் அதைச் சக்கரம் வைத்த வண்டியில் ஏற்றித் திரைக்குப் பின்னால் மறைத்தார். கண்ணாடிச் சில்லில் வரைந்த படத்தைச் சுற்றிலும் கறுப்பு மை பூசினார். அதனால் உருவம் மட்டும் இருட்டில் மிதந்தது. வண்டியைத் திரையை விட்டுப் பின்னால் இழுத்தால் படம் பெரிதாகும். உண்மையில் லாந்தர் விலகிப் போகிறது. ஆனால் மக்களுக்கோ பேய் நெருங்கி வருவதாகத் தோன்றுகிறது!

காரணம் நம் மூளை. கண்ணுக்குள் ஓர் உருவம் சட்டென்று பெரிதானால், அது நம்மை நோக்கி வருகிறது என்றே மூளை முடிவு செய்யும். பாய்ந்து வரும் விலங்கும் எறியப்பட்ட கல்லும் அப்படித்தானே பெரிதாகின்றன? கைக்குழந்தைகளும் குரங்குகளும்கூட அப்படிப் பெரிதாகும் நிழலைக் கண்டால் பின்வாங்குவதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். யோசித்து முடிவெடுக்க நேரமில்லாத ஆபத்துகளுக்காக இயற்கை கொடுத்த பாதுகாப்பு இது. ராபர்ட் தட்டியது அந்தக் கதவைத்தான்.

காது வழியே வரும் திகில்

திகில் படம் பார்க்கும்போது தொலைக்காட்சியின் ஒலியை முழுதாகக் குறைத்துவிட்டுப் பாருங்கள். பாதிப் பயம் ஓடிவிடும். ஒலிக்கு அவ்வளவு பலம்.

அமெரிக்காவில் டேனியல் புளூம்ஸ்டீன் என்ற உயிரியலாளர் மலைப்பகுதியில் வாழும் மார்மட் என்ற கொறிக்கும் விலங்குகளை ஆராய்ந்து வந்தார். ஆய்வுக்காகக் குட்டிகளைப் பிடிக்கும்போது சில குட்டிகள் வீறிட்டன. அந்தக் குரல் கேட்டதும் மனம் பதறுகிறதே, ஏன் என்று யோசித்தார். உயிருக்குப் பயந்து கத்தும்போது குரல் தன் கட்டுப்பாட்டை இழக்கிறது. பிசிறு தட்டுகிறது, கரகரக்கிறது, திடீரென்று மேலே தாவுகிறது. திரைப்படக்காரர்களும் இத்தகைய ஒலிகளையே பயன்படுத்துகிறார்களா என்று பார்க்க, 102 படங்களின் ஒலியை அவரும் அவருடைய குழுவினரும் ஆராய்ந்தார்கள். 2010இல் முடிவை வெளியிட்டார்கள். திகில் படங்களில் அலறலும் கரகரப்பும் எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே இருந்தன.

2015இல் வந்த இன்னோர் ஆய்வு மனித அலறலை அளந்தது. நாம் சாதாரணமாகப் பேசும்போது குரலின் பலம் ஒரு வினாடிக்கு நான்கைந்து முறைதான் ஏறி இறங்கும். அலறலில் அது வினாடிக்கு 30 முதல் 150 முறை ஏறி இறங்குகிறது. அபாயச் சங்கின் ஒலியிலும் இதே கரகரப்பு உண்டு. அதனால்தான் அவற்றைக் கேட்டும் கேட்காததுபோல் நம்மால் இருக்க முடிவதில்லை.

காக்க வைக்கும் கலை

ஒளியும் ஒலியும் இருந்தால் மட்டும் போதுமா? இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் ஒரு விளக்கம் சொன்னார். இருவர் மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். மேசைக்கு அடியில் வெடிகுண்டு. நமக்கு அது தெரியாது. திடீரென்று வெடித்தால் நமக்குக் கிடைப்பது 15 வினாடி அதிர்ச்சி. அதையே, குண்டு இருப்பதை நமக்கு மட்டும் முதலில் காட்டிவிட்டால்? அவர்கள் ஏதோ பேச்சு பேசிக்கொண்டிருக்க, "எழுந்து ஓடுங்களேன்" என்று நாம் 15 நிமிடம் தவிப்போம். அந்தத் தவிப்பைத்தான் அவர் உயர்வாக நினைத்தார்.

1975இல் வந்த 'ஜாஸ்' படத்துக்காக இயந்திரச் சுறா செய்தார்கள். கடலின் உப்புத் தண்ணீரில் அது அடிக்கடி பழுதானது. வேறு வழியில்லாமல் இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் சுறாவை மறைத்தே படத்தை நகர்த்தினார். முதல் ஒரு மணி நேரம் சுறா முழுதாகக் கண்ணில் படாது. ஜான் வில்லியம்ஸ் அமைத்த இரண்டே சுரங்கள் மாறி மாறி ஒலிக்கும். அது கேட்டாலே சுறா வருகிறது என்று நம் மனம் கற்றுக்கொண்டுவிடும். காணாத சுறாவை மூளையே வரைந்துகொள்கிறது.

தமிழிலும் ஒரு துணிச்சல்காரர் இருந்தார். வீணைக் கலைஞராகவும் இயக்குநராகவும் விளங்கிய எஸ். பாலசந்தர். 1954இல் ஏ.வி.எம். நிறுவனத்துக்காக 'அந்த நாள்' என்ற மர்மப் படத்தை எடுத்தார். படங்களில் பாட்டுக்குமேல் பாட்டாக வைத்த அந்தக் காலத்தில், இந்தப் படத்தில் ஒரு பாட்டுகூட இல்லை. ரேடியோ பொறியாளராக வரும் சிவாஜி கணேசன் தொடக்கத்திலேயே சுட்டுக் கொல்லப்படுகிறார். சுட்டது யார் என்ற ஒரே கேள்வி கடைசிவரை நம்மை இழுத்துக்கொண்டு போகிறது. இசையில் ஊறிய ஒரு கலைஞர், கதையின் இறுக்கம் தளராமல் இருக்கப் பாட்டையே தள்ளி வைத்தார். காத்திருக்க வைப்பது எவ்வளவு பெரிய கலை என்பதற்கு நம் மொழியிலேயே இருக்கும் சான்று அந்தப் படம்.

பொய் என்று தெரிந்தும் ஏன் பயம்?

பரிணாமக் கொள்கையைத் தந்த சார்லஸ் டார்வின் தன்னையே சோதித்துப் பார்த்தார். லண்டன் விலங்குக் காட்சியகத்தில், கொடிய நஞ்சுள்ள ஆப்பிரிக்க விரியன் பாம்பு ஒன்று தடித்த கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. பாம்பு கொத்த வந்தாலும் அசையக் கூடாது என்று உறுதி எடுத்துக்கொண்டு கண்ணாடியருகே முகத்தை வைத்தார். பாம்பு சீறிக் கொத்தியது. மறுகணமே டார்வின் பின்னால் துள்ளியிருந்தார்! 1872இல் வெளியான தன் நூலில் இதை அவரே பதிவு செய்தார்.

கண்ணாடி இருப்பது டார்வினின் அறிவுக்குத் தெரியும். ஆனால் உடம்பு அறிவைக் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. திடீர்ச் சத்தம் கேட்டால், ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள்ளேயே கண் இமை மூடிவிடும். இது மூளையின் அடித்தண்டிலிருந்து வரும் அனிச்சைச் செயல். மூளையின் உட்பகுதியில், பாதாம் பருப்பு வடிவத்தில் பக்கத்துக்கு ஒன்றாக அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. ஆபத்து போலத் தெரிந்தாலே அது எச்சரிக்கை விடும். சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கும். இதயம் வேகமாகத் துடிக்கும். மூச்சு வேகமெடுக்கும். கண்மணி விரியும். ஒவ்வொரு ரோமத்தின் அடியிலும் இருக்கும் குட்டித் தசை சுருங்கி மயிர் சிலிர்க்கும். ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ உடம்பு தயார். "இது வெறும் படம்" என்று சிந்திக்கும் மூளை சொல்வது இதற்கெல்லாம் பிறகுதான். ஆபத்து இல்லை என்று தெரிந்ததும் வரும் நிம்மதிதான் நம்மைச் சிரிக்க வைக்கிறது; இன்னொரு முறை பார்க்கவும் தூண்டுகிறது.

அமெரிக்காவில் ஒரு பெண்மணிக்கு அரிய நோயால் இரண்டு பக்க அமிக்டலாவும் செயலிழந்துவிட்டன. ஆய்வாளர்கள் அவருக்குத் திகில் படங்களைக் காட்டினார்கள். அவர் துளியும் பயப்படவில்லை. ஒரு படம் நன்றாக இருக்கிறதே என்று அதன் பெயரைக் கேட்டுக்கொண்டார்! பேய் வீடாக அலங்கரித்த இடத்தில் எல்லோருக்கும் முன்னால் நடந்தார். கேட்கப் பெருமையாக இருக்கிறதா? ஆனால் உண்மையான ஆபத்திலும் அவருக்குப் பயம் வராது. ஒதுங்கிப் போக வேண்டிய இடத்திலும் ஒதுங்கமாட்டார். பயம் நம்மைக் காக்கும் காவல்காரன் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது.

ஆகவே, படம் பார்த்துப் பயந்தால் வெட்கப்படாதீர்கள். உங்கள் காவல்காரன் விழித்திருக்கிறான் என்று பொருள். பயம் அதிகமாகி இரவில் தூக்கம் வராவிட்டால் அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்லுங்கள்; உங்கள் வயதுக்கு ஏற்ற படத்தை மட்டும் பாருங்கள். தம்பி தங்கைகளைப் பயமுறுத்தி விளையாடாதீர்கள். தண்ணீருக்குள் விளக்கு எரிவதைக் காட்டி, அதன் ரகசியத்தையும் சொல்லிக்கொடுங்கள். அடுத்த முறை மேடையிலோ திரையிலோ ஒரு பேய் வந்தால் ஆசைதீர நடுங்கிவிட்டு, பிறகு கேளுங்கள்: வெளிச்சம் எங்கிருந்து வந்தது? அந்த ஒலி எப்படி இருந்தது? நம் கண்ணில் படாமல் எதை மறைத்தார்கள்? திரைக்கு வெளியே "பேய் ஓட்டுகிறேன்" என்று பணம் கேட்டு வருகிறவர்களிடமும் இதே கேள்விகளைக் கேட்கலாம். கேட்கப் பழகியவரைப் பேயைக் காட்டி யாராலும் ஏமாற்ற முடியாது.